நுரைக்குப் பின்னால் ஒரு கணக்கு

கர்நாடகத்தில் மழை வலுக்கிறது என்று செய்தி வந்தால் ஓசூர் வட்டாரத்து உழவர்கள் இரண்டை எதிர்பார்ப்பார்கள். கெலவரப்பள்ளி அணைக்கு நீர்வரத்து கூடும். கூடவே நுரையும் வரும். மதகைத் திறந்ததும் தென்பெண்ணையில் பொங்கும் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குத் திரண்டு நிற்கும். காற்றடித்தால் பிய்ந்து வயலிலும் சாலையிலும் போய் விழும். தரைப்பாலம் நுரையில் மூழ்கிப் போக்குவரத்து நின்ற நாட்களும் உண்டு. பத்திரிகையில் படம் வரும், தொலைக்காட்சியில் ஓரிரு நாள் ஓடும், அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவார்கள். மழை ஓயும், பேச்சும் ஓயும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் கூடும். தண்ணீர் கூடினால் அழுக்கு நீர்த்துப்போக வேண்டும். அப்படியிருக்க, புதுவெள்ளம் கலந்த ஆறு ஏன் இன்னும் அதிகமாக நுரைக்கிறது? ஊர்ப் பேச்சில் பதில் தயாராக இருக்கும்: “மழையைச் சாக்கா வெச்சு கம்பெனிக்காரங்க கெமிக்கல் தண்ணியத் திறந்து விடுறாங்க.” இந்தச் சந்தேகம் காரணமில்லாமல் பிறந்ததன்று. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடலாமே தவிர நுரையை நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் நுரை எங்கே பிறக்கிறது, எங்கே தங்குகிறது, எப்போது புறப்படுகிறது என்று கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் அறிவு நம்மிடம் இருக்கிறது. வேதிப்பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

அந்தக் கணக்கு அவசரமாகத் தேவைப்படும் ஊர் ஒன்று உண்டு: கெலமங்கலம். அது தென்பெண்ணையின் கரையில் இல்லை. ஓசூரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் கேட்கும் எல்லை ஊர். சுற்றிலும் தக்காளி, முட்டைக்கோஸ், ரோஜா. காலையில் கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் சிப்காட் பக்கம் போகும். இப்போது தொழிற்சாலைகளே இந்தப் பக்கம் நடந்து வரத் தொடங்கிவிட்டன. உத்தனப்பள்ளி அருகே நாகமங்கலத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தபின் இந்த வட்டாரத்தின் முகமே மாறிக்கொண்டிருக்கிறது. இந்த நுரையின் ஊற்றுக்கண்ணான பெங்களூரின் பெல்லந்தூரும் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த கிராமம்தான். அங்கே என்ன நடந்தது என்பதை எண்களோடு தெரிந்துகொள்ளும் தேவை, இன்று தமிழ்நாட்டில் வேறெந்த ஊரைவிடவும் கெலமங்கலத்துக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரையை இந்த ஊரை முன்னால் வைத்து எழுதுவது அதனால்தான்.

பெங்களூரின் குளியலறையிலிருந்து

தென்பெண்ணை நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அடுத்து கெலவரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடைசியில் கடலூரில் கடல். மலையிலிருந்து வரும் நீர் கொஞ்சம்தான். வழியில் சேரும் நகரத்துக் கழிவுநீர்தான் ஆண்டின் பெரும்பகுதி ஆற்றை ஓடவைக்கிறது. பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் விழும் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரிக்கு வரும், அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து ஆறு.

பெல்லந்தூர் ஏரியை உலகமே பார்த்தது. 2015 மே மாதம் அந்த ஏரியின் நுரை தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் மறுபடி தீ. அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, அபராதம் விதித்தது, பின்னர் தூர்வாரும் வேலை தொடங்கியது. இவை நாளிதழ் படித்தவர்களுக்குத் தெரியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அந்த நுரையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து சொன்னதுதான் பலருக்குத் தெரியாது. கெலவரப்பள்ளியின் புதிருக்கு விடை அங்கே இருக்கிறது.

அவர்கள் கண்டதைச் சுருக்கினால் இப்படி வரும். கழிவுநீர் ஏரிக்குள் நுழைந்து வெளியேற ஏறக்குறைய 10 முதல் 15 நாள் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கரிமக் கழிவில் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது. ஆனால் துணி துவைக்கும் பவுடரிலும் சோப்பிலும் வரும் நுரைப்பொருள் சிதையாமல் சேற்றோடு ஒட்டி அடியில் படிகிறது. நாள்தோறும் படிந்து சேறு கனக்கிறது. கனமழை வந்து ஏரியைக் கலக்கும்போது சேறு எழுகிறது. அதில் ஒட்டியிருந்த நுரைப்பொருள் மொத்தமாகத் தண்ணீருக்குத் திரும்புகிறது. வெளியேறும் இடத்தில் நீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று புகுந்து நுரையாகிறது. நீரில் மிதக்கும் துகள்களும் அவற்றில் வாழும் பாக்டீரியாக்களும் அந்த நுரை சீக்கிரம் உடையாமல் தாங்கிப் பிடிக்கின்றன.

மழை வெளுத்து வாங்கும்போது நுரை ஏன் கூடுகிறது என்பதற்கு இது போதுமான விளக்கம். ஏரியும் ஆற்றுப்படுகையும் கோடை முழுக்கச் சேமித்ததை மழை ஒரே நாளில் செலவழிக்கிறது.

பேரேடு

வேதிப்பொறியாளர்கள் ஒரு ஆலையை, ஒரு தொட்டியை, ஒரு குழாயை எதைப் பார்த்தாலும் முதலில் அதைச் சுற்றி மனதுக்குள் ஒரு கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டுக்குள் வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, உள்ளேயே வேறொன்றாக மாறியது எவ்வளவு, தங்கிவிட்டது எவ்வளவு? மளிகைக் கடைப் பேரேட்டைப்போல இந்த நான்கும் நேராக வேண்டும். நேராகவில்லையென்றால் எதையோ அளக்க விட்டுவிட்டோம் என்று பொருள். கோடிக்கணக்கான ரூபாய் மென்பொருளில் ஓடும் சுத்திகரிப்பு ஆலையின் கணித மாதிரியும் அடிப்படையில் இந்த நான்கு வரிதான். நூறு தொட்டிக்கும் ஆயிரம் குழாய்க்கும் ஒரே நேரத்தில் போடுவதால் கணினி தேவைப்படுகிறது.

ஆற்றுக்கு இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர். அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றை ஆராய்ந்து 1925-இல் வெளியிட்டார்கள். சாக்கடை விழுந்ததும் பாக்டீரியாக்கள் அதைத் தின்னத் தொடங்கி ஆற்றின் ஆக்சிஜனைக் குடிக்கும். மேற்பரப்பிலிருந்து காற்று திரும்பக் கரையும். இந்த இரண்டுக்கும் நடக்கும் போட்டியில், ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோகும் ஓரிடம் வரும். அது சாக்கடை விழும் இடத்தில் இராது. பல கிலோமீட்டர் கீழே, வேறொரு ஊரில் இருக்கும். அந்த இடத்தை முன்கூட்டியே சொல்ல ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் க்யூவல்-2கே போன்ற ஆற்று மாதிரிகள் அந்தச் சமன்பாட்டின் வாரிசுகள்.

நம் ஆற்றுக்கு எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆறு வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு நாளில் 26 கிலோமீட்டர் போகும். பெங்களூரிலிருந்து எல்லைவரை ஐம்பது கிலோமீட்டர் என்று கொண்டால் கடக்க இரண்டு நாள். கரிமக் கழிவு சிதையும் வேகம் நாளொன்றுக்கு 0.3 என்று வைத்தால், இரண்டு நாளில் நூற்றில் 45 பங்கு குறையும். 55 பங்கு அப்படியே எல்லையைத் தாண்டும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவு உயரத்தில் இருப்பதால் 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் சுமார் 7.4 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். சமவெளியில் அது 8.3. கொஞ்சமாக இருக்கும் கையிருப்பில்தான் இந்த 55 பங்கும் கைவைக்கிறது. ஓடி ஓடி ஆறு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்ற நம்பிக்கை கொடியாளத்துக்குச் சரிவராது. அதற்குத் தேவையான நேரம் ஆற்றிடம் இல்லை.

மணலியில் பிறக்கும் ஒரு சங்கிலி

நுரைப்பொருள் என்று மேலே சொன்னதன் வேதியியலுக்குள் கொஞ்சம் போக வேண்டும். துணிப் பவுடர்களின் முதன்மையான கூறு லீனியர் அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட். சுருக்கமாக எல்.ஏ.எஸ். அதன் மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீனைத் (எல்.ஏ.பி.) தயாரிக்கும் ஆலை சென்னை மணலியில் இருக்கிறது: தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ்.

எல்.ஏ.பி. தயாரிப்பு முறை, உகந்த புள்ளியைத் தேடுவதற்குச் சரியான பாடம். மண்ணெண்ணெயிலிருந்து நேரான கரிமச் சங்கிலிகளை மட்டும் பிரித்தெடுப்பார்கள். பிளாட்டினம் வினையூக்கியின் மேல் அவற்றைச் செலுத்தி, சங்கிலியிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றுவார்கள். புதிதாகக் கேட்பவர், முழுவதையும் ஒரே ஓட்டத்தில் மாற்றிவிட்டால் லாபம்தானே என்பார். வெப்பத்தைக் கூட்டினால் அப்படி மாற்றவும் செய்யலாம். ஆனால் வேண்டாத பொருட்களும் அதைவிட வேகமாகக் கூடும், வினையூக்கி கரிபிடித்துச் சீக்கிரம் சாகும். அதனால் ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே மாற்றிவிட்டு, மாறாததைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறார்கள். சுற்றவிட மின்சாரமும் எரிபொருளும் செலவாகும். அந்தச் செலவும் கெட்டுப்போகும் பொருளின் இழப்பும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் புள்ளி எது? அந்தப் புள்ளியைத் தேடுவதுதான் ஆலைப் பொறியாளரின் அன்றாட வேலை. ஒன்றை அதன் உச்சத்துக்குத் தள்ளினால் மொத்தம் கெடும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உடம்பிலேயே உணர்ந்திருப்பார்கள்.

ஏன் நேரான சங்கிலிதான் வேண்டும்? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த முதல் தலைமுறைத் துணிப் பவுடர்களில் கிளை கிளையாகப் பிரிந்த சங்கிலிகள் இருந்தன. பாக்டீரியாக்களால் அவற்றைத் தின்ன முடியவில்லை. 1950-களில் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆறுகள் நுரைத்தன. இன்றைய கெலவரப்பள்ளிப் படங்களை அந்தக் காலத்து ஐரோப்பியப் படங்களோடு வைத்தால் வித்தியாசம் தெரியாது. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் போட்டது: குறைந்தது 80 விழுக்காடு சிதையாத நுரைப்பொருளை விற்கக் கூடாது. 1965-ஐ ஒட்டி அமெரிக்கத் தொழிலும் நேரான சங்கிலிக்கு மாறியது. அந்த ஆறுகளில் நுரை அடங்கியது.

அப்படியானால் நேரான சங்கிலியே பயன்படுத்தும் நம் ஆறு ஏன் நுரைக்கிறது? எல்.ஏ.எஸ். சிதைய ஆக்சிஜன் தேவை. சங்கிலியின் நுனியில் பாக்டீரியா வைக்கும் முதல் கடிக்கே மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். காற்றோட்டமுள்ள ஆற்றில் அது ஓரிரு நாளுக்குள் பாதியாகிவிடும். ஆக்சிஜன் வற்றிப்போன ஏரியில், அதுவும் சேற்றுக்குள், ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஐரோப்பா மூலக்கூறை மாற்றியது. கூடவே சாக்கடைக்குக் காற்றும் ஊட்டியது. நாம் மூலக்கூறை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெல்லந்தூரில் குறைந்தது ஆக்சிஜன். அங்கே நுரைத்தது துவைத்த தண்ணீர்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுச் சோப்பே இவ்வளவு நுரைக்கும் என்பதால் தொழிற்சாலைகளுக்கு நற்சான்று கொடுத்ததாக ஆகாது. நுரை ஒரு வடிகட்டியைப்போல வேலை செய்து எண்ணெயையும் உலோகத்தையும் தன் சவ்வில் திரட்டும் இயல்புடையது. ஆற்றுநீரில் இருப்பதைவிட நுரையில் செறிவு அதிகம். உழவர்களின் அச்சம் முழுக்க நியாயமானது. யார் விட்டது என்று பிரித்தறியவும் கணக்கே உதவும். வெள்ளம் ஏறும்போதும் இறங்கும்போதும் மணிக்கொருமுறை மாதிரி எடுத்தால் போதும். படுகைச் சேறு கிளம்பியதென்றால் நுரைப்பொருளின் அளவு வெள்ளம் ஏறும்போதே உச்சம் தொட்டு, நீர் குறையாதபோதும் சரிந்துவிடும். யாரோ ஆலைக் கழிவைத் திறந்துவிட்டார்கள் என்றால் வெள்ளத்தோடு தொடர்பில்லாத நேரத்தில், உலோகமோ உப்போ கூடவே ஏறிய தனி முகடு தெரியும். மறுநாள் வந்து ஒரே ஒரு பாட்டில் பிடித்துப் போனால் இரண்டும் தெரியாது.

எங்கே பணம் போட வேண்டும்?

கழிவுநீருக்குக் காற்றூட்டி, அதில் வளரும் நுண்ணுயிர்ச் சேற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையை ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் மான்செஸ்டரில் 1914-இல் உலகுக்குச் சொன்னார்கள். நம் ஊர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களான எஸ்.டி.பி.க்களில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். எழுபது ஆண்டுகளுக்குமேல் அனுபவ விதிகளை வைத்தே அவற்றை வடிவமைத்தார்கள். 1987-இல் மோகென்ஸ் ஹென்ஸே தலைமையிலான பன்னாட்டுக் குழு அதற்கு முழுக் கணித மாதிரி ஒன்றை வெளியிட்டது. ஏ.எஸ்.எம்.-1 என்பது அதன் பெயர். தொட்டிக்குள் இருப்பவற்றை 13 கூறாகப் பிரித்து, அவற்றுக்குள் நடப்பதை 8 வினைகளாக எழுதினார்கள். காலை ஏழு மணிக்கு ஊரே குளித்துத் துவைக்கும்போது தொட்டியில் என்ன நடக்கும், நள்ளிரவில் என்ன நடக்கும், காற்றூட்டும் ப்ளோயரை எப்போது கூட்டி எப்போது குறைக்கலாம் என்று அதைக் கொண்டு முன்கூட்டியே பார்க்க முடிகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணத்தில் பாதியோ அதற்கு மேலோ காற்றூட்டுவதற்கே போகிறது. நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடும் ப்ளோயர் இரவில் காசை வீணாக்குகிறது. காலையில் காற்றுப் போதாமல் திணறுகிறது. ஆக்சிஜனை அளந்து அதற்கேற்ப ஓட்டினால் இரண்டு குறையும் தீரும்.

ஆனால் இந்த மாதிரிகள் தரும் மிகப் பெரிய பயன் இதுவன்று என்பது என் எண்ணம். எந்தத் திருகைத் திருப்பினால் விளைவு அதிகம் என்று அவை காட்டிவிடுகின்றன. காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நகரத்தின் கழிவுநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் எல்.ஏ.எஸ். இருப்பதாக வைப்போம். நன்றாக ஓடும் காற்றூட்டு நிலையம் அதில் 98 விழுக்காட்டை நீக்கிவிடும், மிஞ்சுவது 0.2. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவும் 0.2 தான், வேறு வழியில்லாதபோது 1.0 வரை அனுமதிக்கிறது. இப்போது கழிவுநீரில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நிலையத்துக்குப் போகாமல் மழைநீர் வடிகாலில் நேராகக் கலக்கிறது என்று கொள்வோம். ஒன்பது பங்கில் 0.2, ஒரு பங்கில் 10. கலந்தால் லிட்டருக்கு 1.18 மில்லிகிராம். ஏறக்குறைய ஆறு மடங்கு.

என்ன செய்யலாம்? புதிய தொழில்நுட்பம் வாங்கி நிலையத்தின் திறனை 98-லிருந்து 99 ஆக்கலாம். கணக்குப் போட்டால் 1.18 என்பது 1.09 ஆகும். அவ்வளவே. நிலையத்தைத் தொடாமல், வடிகாலுக்குப் போகும், நூற்றில் பத்துப் பங்கை ஐந்தாகக் குறைத்தால்? 0.69. அதையும் முழுதாக நிறுத்தினால் 0.2.

நான்கு வரிக் கணக்குதான். ஆனால் நுரை குறித்து நடக்கும் கூட்டங்களில் நிலையத்தின் கொள்ளளவைப் பற்றியே பேச்சு. எத்தனை எம்.எல்.டி. (நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்) கட்டினோம், எத்தனை எம்.எல்.டி. கட்டப்போகிறோம் என்று பட்டியல் வாசிக்கப்படும். தெருவிலிருந்து அந்த நிலையம்வரை குழாய் சேருகிறதா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. குழாய் மண்ணுக்கடியில் இருக்கிறது. அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது. கணக்கோ குழாயைத்தான் சுட்டுகிறது.

இன்னொரு சாட்சி கோலார். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர்வரை குழாயில் கொண்டுபோய் வறண்ட கோலார் ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018-இல் தொடங்கியது. தொடங்கிய சில வாரங்களில் லட்சுமிசாகர ஏரியில் நுரை வந்தது. வழக்கு நீதிமன்றம் போனது. இந்தத் திட்டத்தை நான் பழிக்கவில்லை. நகரம் கழித்த நீரை வறண்ட நிலத்துக்குக் கொண்டுபோவது நல்ல யோசனை. ஆனால் அந்த நீரின் தரம், நிலையம் ஒவ்வொரு மணிக்கும் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. சான்றிதழில் இருப்பது சராசரி. ஏரிக்கு வருவது அந்தந்த மணி நேரத்துத் தண்ணீர்.

தமிழ்நாட்டின் கையிருப்பு

மேலே இருப்பவன் விட்டான், கீழே இருப்பவன் அவதிப்படுகிறான் என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. தென்பெண்ணை நீரின் அளவுக்காகத் தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் போனது. தரத்துக்காகப் பேசும்போது நம் பக்கக் கணக்கும் கேட்கப்படும். நம்மிடம் அதற்குச் சொல்ல ஒரு அனுபவம் இருக்கிறது.

திருப்பூரில் சாயப்பட்டறைகள் நொய்யலை நாசமாக்கியதும், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2011-இல் பட்டறைகள் மூடப்பட்டதும் நாடறிந்தவை. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதி வந்த பிறகு அங்கே பொது சுத்திகரிப்பு நிலையங்கள் அதற்கேற்ப ஓடத் தொடங்கின. அந்த நிலையங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு எண் மனப்பாடம். ஆயிரம் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 627 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதே ஆயிரம் லிட்டரை ஆர்.ஓ. சவ்வு வழியே அழுத்திப் பிரிக்க, உப்பின் அளவைப் பொறுத்து, சில யூனிட்டே போதும். ஆனால் சவ்வு ஓரளவுக்கு மேல் உப்பைத் தாங்காது, அடைத்துக்கொள்ளும். எதுவரை சவ்வு, எங்கிருந்து கொதிகலன்? ஆவியாக்கியில் ஒரு கட்டத்து நீராவியை அடுத்த கட்டத்தைச் சூடாக்கப் பயன்படுத்தலாம். கட்டங்கள் கூடக் கூட எரிபொருள் குறையும், இயந்திர விலை கூடும். எத்தனை கட்டம்? இந்தக் கேள்விகளுக்குக் கணித மாதிரி போடாமல் விடை கண்ட பட்டறைகள் விறகுக்கும் நிலக்கரிக்கும் கொடுத்துக் கொடுத்தே நொடித்தன. ஓசூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருளும் மின்முலாமும் செய்யும் ஆலைகளின், தொழிற்கழிவைச் சுத்திகரிக்கும் ஈ.டி.பி. அறைகளில் இன்று நடப்பதும் இதே கணக்குதான்.

கருவிக்கும் பஞ்சமில்லை. எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், 1976-இல், எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஆஸ்பென் திட்டம் பின்னர் பெரும் வணிக மென்பொருளானது. அதன் உரிமக் கட்டணம் சிறு ஆலைகளுக்கு எட்டாது. ஆனால் பிரேசிலில் உருவான டி.டபிள்யூ.சிம் இலவசம். அதை இந்திய மாணவர்களிடம் கொண்டுசேர்த்ததில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் திட்டத்தை முன்னெடுத்த வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். நாடெங்கும் கல்லூரி மாணவர்கள் ஆலைகளின் ஓட்டப்படத்தை அதில் வரைந்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். சென்னையில் 1944-இலிருந்து அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி வேதிப்பொறியாளர்களை உருவாக்கி வருகிறது. கற்றவர்களும் உண்டு, கருவியும் உண்டு. ஆற்றிலிருந்து மணிக்கு மணி வரவேண்டிய எண்கள்தான் இல்லை. எண் இல்லாத மாதிரி வெறும் படம்.

நுரைப்பொருளை அளக்க அரிய கருவி எதுவும் தேவையில்லை. மெதிலீன் புளூ என்ற நீலச் சாயத்தோடு அது சேர்ந்து கரைப்பானில் ஏறும் நிறத்தை அளக்கும் பழைய சோதனையே போதும். சுமாரான கல்லூரி ஆய்வகத்தில் செய்யலாம். கொடியாளத்தில் ஒரு நிலையம். ஆக்சிஜன், மின்கடத்துதிறன், கலங்கல், நீரோட்டம் நான்கையும் கால் மணிக்கொருமுறை பதியும் கருவிகள். மழை நாட்களில் மணிக்கொரு மாதிரி. பதிவானவை இரு மாநிலத்தாரும் ஓசூர், சூளகிரி உழவர்களும் பார்க்கும்படி பொதுவில் இருக்க வேண்டும். கெலவரப்பள்ளியின் இடது, வலது கால்வாய்களில் பாசனம் பெறும் 8,000 ஏக்கருக்கு, மேலே நுரைப்பொருள் உச்சத்தில் இருக்கும் சில மணி நேரம் மதகை மூடிவைக்கலாமா என்று முடிவெடுக்கவும் இந்த எண்கள் உதவும். கொடியாளத்திலிருந்து அணைக்கு நீர் வந்துசேர எவ்வளவு நேரமோ அவ்வளவு நேர முன்னறிவிப்பு.

கெலமங்கலத்துக்கான எண்

இனி, இன்னும் எழுதப்படாத கணக்கு. ஆலை வேலைக்காகக் கெலமங்கலம், உத்தனப்பள்ளி வட்டாரத்தில் பத்தாயிரம் பேர் புதிதாகக் குடியேறுகிறார்கள் என்று வைப்போம். விடுதிகளையும் புதிய மனைப்பிரிவுகளையும் பார்க்கிறவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கான அரசு அளவுகோல். அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும். பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 10 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர்.

தண்ணீர் கொண்டுவருவதைப் பற்றி இந்த மாவட்டம் நிறைய யோசித்திருக்கிறது. நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் பழுதான தலைமுறைகளைப் பார்த்துவிட்டு, ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தோம். அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. வந்த தண்ணீர் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகு எங்கே போகிறது என்ற யோசனை அதே அளவுக்கு நடக்கவில்லை. இந்தப் பாறைப் பூமியில் மண் ஆழம் குறைவு. செப்டிக் டேங்க்கில் ஊறுவதும் லாரி அள்ளிப்போய்க் கொட்டுவதும் பக்கத்து ஏரிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் போய்ச் சேர அதிக நாள் ஆகாது.

அந்த 10 லட்சத்து 80 ஆயிரம் லிட்டரைக் காற்றூட்டிச் சுத்தம் செய்ய, ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட் என்று கொண்டால், நாளொன்றுக்கு 540 யூனிட் மின்சாரம் போதும். தலைக்கு மாதம் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். இதைத் தாங்க முடியாத ஊர் எதுவும் இல்லை. செலவு வேறிடத்தில் இருக்கிறது: குழாயில். வீடுகள் நெருங்கிவிட்ட தெருவைத் தோண்டிக் குழாய் பதிப்பதற்கும், மனை பிரிக்கும்போதே பதிப்பதற்கும் பல மடங்கு வித்தியாசம். பெங்களூர் முதலாவதைச் செய்ய வேண்டியிருந்தது, இன்னும் செய்து முடிக்கவில்லை. கெலமங்கலத்தில் பல மனைப்பிரிவுகள் இன்னும் கல் நட்ட நிலையிலேயே இருக்கின்றன.

அதனால் இந்த வட்டாரத்து மக்கள் பேரூராட்சியிலும் கிராம சபையிலும் ஆலை விரிவாக்கக் கருத்துக் கேட்புக் கூட்டங்களிலும் கேட்க வேண்டியவை சில உண்டு. புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது கழிவுக்குழாய் எங்கே சேருகிறது என்று வரைபடத்தில் காட்டப்பட்டிருக்கிறதா? தொழிலாளர் விடுதிகளின் எஸ்.டி.பி.யில் உள்ளே வரும் நீரும் வெளியேறும் நீரும் இரண்டும் அளக்கப்படுகின்றனவா, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே போகிறது? ஆலையின் ஈ.டி.பி. பேரேட்டில் வாங்கிய தண்ணீர், ஆவியான தண்ணீர், மறுபடி பயன்படுத்திய தண்ணீர், வெளியே அனுப்பிய உப்பும் சேறும் ஆகிய நான்கும் நேராகின்றனவா? நேராகும் பேரேட்டைக் காட்டுவதில் ஒழுங்காக நடக்கும் ஆலைக்கு எந்தத் தயக்கமும் இராது. கேட்பவருக்கு வேதிப்பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அடுத்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கையெழுத்தாகுமுன் கேட்டால் போதும்.